பதினொன்றரை மணி மௌனம்

பெல்ஃபாஸ்டில் ஒரு சாதாரணத் தெரு. அங்கே பிறந்த பாடகர், பாடாமல் பேசி வைத்த ஒரு பதிவு. இரண்டையும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவது சுலபம்.

பார்க்க ஒன்றுமே இல்லாத தெரு. இரு பக்கமும் சிவப்புச் செங்கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. முன்பக்கம் தோட்டம் கிடையாது. கதவைத் திறந்து காலை வைத்தால் நடைபாதை. 125ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு சிறிய பலகை இல்லாவிட்டால், தேடிக்கொண்டு வந்தவரே தாண்டிப் போய்விடுவார்.

கிழக்கு பெல்ஃபாஸ்டின் புளூம்ஃபீல்டு பகுதியில் உள்ள ஹிண்ட்ஃபோர்ட் தெரு இது. 1945 ஆகஸ்ட் 31 அன்று வான் மாரிசன் பிறந்தது இந்த வீட்டில்தான். அப்பா ஜார்ஜ், ஹார்லண்ட் அண்டு வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் எலெக்ட்ரீஷியன். அம்மா வயலட் பாடுவார், ஆடுவார். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, சில காலம் வீடு வீடாக ஜன்னல் துடைத்து, பிறகு ராக் இசையின் பெரிய குரல்களில் ஒன்றானது ஊரறிந்த கதை. 80 வயதை எட்டிய 2025லும் அவர் புதிய ஆல்பம் வெளியிட்டார்.

நான் போன ஜூன் மாத மாலையில் லேசான தூறல். 125ஆம் எண் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள்; ஜன்னல் திரை சற்றே அசைந்தது. அடுத்தவர் வாசலில் நின்று வெறித்துப் பார்ப்பது எந்த ஊரிலும் மரியாதை அல்ல. எதிர்ப்புற நடைபாதைக்கு மாறி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கேட்க வேண்டியது ஒரே ஒரு பதிவு. பெயர் ‘ஆன் ஹிண்ட்ஃபோர்ட் ஸ்ட்ரீட்’. நீளம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தப் பதிவு என் கைக்கு வந்த பிறகும் பல மாதங்கள் நான் அதைக் கேட்டதில்லை. 1991ல் வெளிவந்த ‘ஹிம்ஸ் டு த சைலன்ஸ்’ ஆல்பம் - மௌனத்துக்கான துதிகள் என்று சொல்லலாம் - டெல்லியில் கேசட் வடிவில் எனக்குக் கிடைத்தது. மொத்தம் 21 பாடல்கள். இரண்டாம் பாதியில், ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் தலைப்புப் பாடல் முடிந்தவுடன் இது வரும். மெட்டு இல்லை, தாளம் இல்லை. மனிதர் பாடவே இல்லை, பேசுகிறார். அதுவும் முன்பின் கேட்டிராத இடங்களின் பெயர்களை. என் விரல் தானாகவே ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டனுக்குப் போய்விடும். டேப் உறுமிக்கொண்டு ஓடும். நிறுத்தினால் அடுத்து வரும் பழைய ஐரிஷ் துதிப்பாடல். அதன் முதல் சுரத்தில் சரியாக நிறுத்தும் அளவுக்கு எனக்குக் கை பழகிப்போனது.

ஒருநாள் இரவு சமையலறையில் இரண்டு கைகளிலும் வேலை. பட்டனை அழுத்த முடியவில்லை. அப்படித்தான் கேட்டேன். அதன் பிறகு அந்த ஆல்பத்தின் மற்ற பாடல்களைத்தான் பட்டன் அழுத்தித் தாண்டினேன்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் டெரெக் பெல்லின் சின்தசைசர். பெல் அடிப்படையில் ஹார்ப் கலைஞர். அயர்லாந்தின் புகழ்பெற்ற சீஃப்டன்ஸ் குழுவைச் சேர்ந்தவர், அவரும் பெல்ஃபாஸ்ட்காரர், 2002ல் காலமானார். மெட்டுகளிலேயே வாழ்ந்த அந்தக் கலைஞர் இங்கே மெட்டின் பக்கமே போகவில்லை. நீண்ட சுரங்களைப் பனிமூட்டம் போலப் பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நம் கச்சேரியில் தம்புரா செய்கிற வேலை.

அதன்மேல் மாரிசனின் பேச்சு. கவிதை வாசிப்பவர்களின் ஏற்ற இறக்கமோ நாடகமோ இல்லை. புளூஸ் பாடும்போது அவர் குரல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்விடும். பேசும்போது வீடு திரும்பிவிடுகிறது. அசல் கிழக்கு பெல்ஃபாஸ்ட் உச்சரிப்பு. பட்டியல் போடுகிறார். தெருக்கள், ஒரு பூங்கா, ஒரு தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை மணிகள். பீச்சி என்று உள்ளூரில் அழைக்கப்பட்ட சிற்றாறு. தண்டவாளத்து ஓரம் பறித்த ஆப்பிள்கள். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் விட்டில்பூச்சி பிடிக்கும் ஒரு ஆள். பிள்ளைகள் விளையாடிய தெருவிளக்கு. பஸ் பிடித்து கடற்கரைக்குப் போய் வழியில் வாங்கிய ஐஸ்கிரீம். கோடைகால இரவு பதினொன்றரை மணிக்கு ரேடியோவில் லக்ஸம்பர்க் நிலையம். அதைச் சுற்றி ஒரு மௌனம்.

கதை இல்லை, காதல் இல்லை, சோகம்கூட இல்லை. ஒரு சிறுவன் ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பில் எங்கெல்லாம் நடந்தான், எதைக் கேட்டான், எதைப் படித்தான் என்ற கணக்கு மட்டுமே.

கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வான் மாரிசன் என்றால் பலருக்கும் 1967ன் ‘பிரவுன் ஐடு கேர்ள்’. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு 1970ன் ‘மூன்டான்ஸ்’. விமர்சகர்களுக்கு 1968ன் ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’; ராக் இசையின் மிகச் சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அது இல்லாமல் போவது அபூர்வம். இத்தனை மலைகளுக்கு நடுவே, பேசி மட்டுமே முடிகிற ஒரு பதிவை யார் தேடுவார்கள்? மெட்டு இல்லாததால் முணுமுணுக்க முடியாது. தாளம் இல்லாததால் கால் தட்ட முடியாது. மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் சரக்கும் அல்ல. இதைக் கேட்பதற்குச் சரியான இடம் ஒன்றுதான். அது பேசும் தெருக்களின் நடுவே.

ஆகவே நடந்தேன். 2014ல் உள்ளூர் அமைப்பு ஒன்று ‘வான் மாரிசன் டிரெயில்’ என்று 3.5 கி.மீ. நடைபாதை ஒன்றை வகுத்திருக்கிறது. அவர் படித்த எல்ம்குரோவ் தொடக்கப் பள்ளியில் புறப்பட்டு, சைப்ரஸ் அவென்யூவில் முடிகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஹாலோ, பீச்சி ஆறு, மின்கோபுரங்கள், ஆரஞ்சுஃபீல்டு, ஹிண்ட்ஃபோர்ட் தெரு, செயின்ட் டோனார்ட் தேவாலயம். பெரிய ஹிட் பாடல்கள் இந்த வரைபடத்துக்கு ஓரிரு புள்ளிகளைத்தான் தருகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை, நான் பட்டன் அழுத்தித் தாண்டிய அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கின்றன.

ஹிண்ட்ஃபோர்ட் தெருவுக்குப் பக்கத்திலேயே அபெட்டா பரேடு. பெயரில் இருக்கும் அணிவகுப்பு தெருவில் இல்லை. இன்னொரு வரிசை வீடுகள், அவ்வளவுதான். அங்கிருந்து சற்றுத் தாழ்ந்த பசுமையான பள்ளத்தில் இறங்கினால் ஹாலோ. நாக், லூப் என்ற இரண்டு ஓடைகள் கூடி கான்ஸ்வாட்டர் ஆறாகும் இடம். இதைத்தான் பிள்ளைகள் பீச்சி ஆறு என்றார்கள். ஆறு என்ற சொல்லுக்குக் கங்கையையும் காவிரியையும் மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். ஓடிவந்து தாவினால் சில இடங்களில் மறுகரைக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. நீண்ட காலம் தொழிற்சாலைக் கழிவையும் குப்பையையும் சுமந்த ஆறு. 2017ல் திறக்கப்பட்ட கான்ஸ்வாட்டர் பசுமைவழித் திட்டத்தில் கரைகள் சீரமைக்கப்பட்டு, ஒன்பது கி.மீ. நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போடப்பட்டிருக்கிறது. நான் போனபோது இரண்டு சிறுவர்கள் கல்லெறிந்து கொண்டிருந்தார்கள். பாட்டைப் பற்றி அவர்களிடம் கேட்கவில்லை. கல்லெறிகிற வேலை அதைவிட முக்கியம்.

அடுத்து ரயில் பாதை. ரயிலைத் தேடினால் கிடைக்காது. பெல்ஃபாஸ்டிலிருந்து கோம்பர் பக்கம் போன அந்தப் பாதை 1950ல் மூடப்பட்டது. இப்போது அது 11 கி.மீ. நீளமுள்ள கோம்பர் கிரீன்வே. தண்டவாளம் இருந்த இடத்தில் தார். இந்த ஒரு தகவல் தெரிந்தால் பதிவில் வரும் ஆப்பிள் காட்சி சட்டென்று தெளிவாகிறது. ரயில்கள் நின்றபோது மாரிசனுக்கு வயது ஐந்துகூட நிரம்பவில்லை. அவர் தோழர்களோடு அங்கே அலைந்த வயதில் அது கைவிடப்பட்ட பாதை. பணக்கார வீட்டுத் தோட்டங்களிலிருந்து வேலிக்கு வெளியே சாய்ந்த கிளைகளில் பழம் பறிக்க, எந்த எஞ்சின் சத்தத்துக்கும் காது கொடுக்க வேண்டியிருக்காது. அந்த மௌனத்துக்கு ஒரு பகுதிக் காரணம் ரயில்வேயின் நஷ்டக் கணக்கு.

அந்தத் தோட்டங்கள் சைப்ரஸ் அவென்யூவைச் சேர்ந்தவை. ஹிண்ட்ஃபோர்ட் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் வேறு நாட்டுக்கு வந்தது போலிருக்கும். இரு பக்கமும் வளர்ந்து மேலே கை கோர்த்துக்கொள்ளும் மரங்கள். நடைபாதையிலிருந்து உள்வாங்கி நிற்கும் பெரிய வீடுகள். கப்பல் தளத் தொழிலாளியின் மகனுக்கு இது வேடிக்கை பார்க்கிற தெரு. ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ ஆல்பத்தில் இந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு பாடல் உண்டு. அதில் ஏக்கம் கொதிக்கும். 1991 பதிவில் இதே தெரு வேலிக்கு வெளியே விழுந்த ஆப்பிளாக மட்டும் வந்து போகிறது. 23 வயதில் பாடியவருக்கும் 46 வயதில் பேசியவருக்கும் உள்ள தூரம் அது.

சைப்ரஸ் அவென்யூவில் நீண்ட காலம் குடியிருந்த இன்னொரு பிரபலம், பாதிரியார் இயன் பெய்ஸ்லி. கத்தோலிக்கர்களோடு எந்தச் சமரசமும் கூடாது என்று பல பத்தாண்டுகள் இடிமுழக்கம் செய்த புராட்டஸ்டன்ட் தலைவர், 2007ல் அதே எதிரிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்து உலகத்தை வியக்க வைத்தவர், 2014ல் மறைந்தார். பெல்ஃபாஸ்டின் பெரிய சத்தமும், பெல்ஃபாஸ்டின் மௌனத்தைப் பற்றிப் பேசிய குரலும் ஒரே தெருவோடு சம்பந்தப்பட்டிருப்பது வரலாற்றின் குறும்பு.

மௌனம் என்றதும் ஒரு சந்தேகம் வரும். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது எப்படி மௌனம்? இதற்கு விடை அன்றிரவு கிடைத்தது. பெல்ஃபாஸ்ட் பூமியின் வடக்கே வெகு உயரத்தில் இருக்கிற ஊர். ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிறது. பதினொன்றரைக்கும் வடக்கு வானம் முழுவதும் கறுப்பதில்லை. அடியில் ஒரு வெளிறிய கோடு மிச்சமிருக்கும். மற்ற ஊர்களில் அது நடுராத்திரி. இங்கே அது மாலையின் வால்.

அந்த நேரத்துக்கு இன்னொரு மகிமையும் உண்டு. லக்ஸம்பர்க் நிலையம் ஒலிபரப்பியது 208 மீட்டர் மத்திய அலைவரிசையில். மத்திய அலை பகலில் தரையோடு தவழ்ந்து சீக்கிரமே களைத்துவிடும். இருட்டிய பிறகு மேல்வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் தாவும். ஹிண்ட்ஃபோர்ட் தெருவுக்கும் லக்ஸம்பர்க்குக்கும் இடையே சுமார் 1,000 கி.மீ. கோடையில் இருட்டே தாமதமாக வருவதால் நிலையமும் தாமதமாகவே தெளிவாகும். வந்தாலும் நிலையாக நிற்காது. அலை அலையாகப் பெருகும், மங்கும், சில நொடிகள் காணாமலே போகும். பாட்டு மங்கிய அந்த நொடிகளில் காதில் விழுவதுதான் பதிவு பேசும் மௌனம். பெல்லின் சின்தசைசரும் அதே மாதிரிதான் பெருகி மங்குகிறது.

பி.பி.சி.யில் அன்று பாப் இசைக்கு அதிகம் இடமில்லை. லக்ஸம்பர்க்கில் விளம்பரத்தோடு இரவில் பாட்டு. பிரிட்டிஷ் ராக் தலைமுறை ஒன்று அந்த அலைவரிசையில்தான் வளர்ந்தது. ஒரு விசித்திரம்: இந்த ஆல்பம் வெளிவந்தது 1991 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் லக்ஸம்பர்க் நிலையம் 208 மீட்டரில் ஆங்கில ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. கடையை மூடும் முன் வந்து சேர்ந்த நன்றிக் கடிதம் மாதிரி.

ஹிண்ட்ஃபோர்ட் தெரு வீட்டில் இன்னொரு பொக்கிஷமும் இருந்தது. அப்பா ஜார்ஜ் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சில காலம் வேலை பார்த்தவர். ஜாஸ், புளூஸ் இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். வட அயர்லாந்தின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். ஜெல்லி ரோல் மார்ட்டன் முதல் லெட் பெல்லி வரை அந்த இரண்டு மாடிச் செங்கல் வீட்டில் குடியிருந்தார்கள். பையனின் புத்தகங்களும் அதே பக்கம்தான். ஜாஸ் கலைஞர் மெஸ் மெஸ்ரோவின் சுயசரிதை. பிறகு ஜாக் கெரூவக்கின் ‘தர்மா பம்ஸ்’. புத்தரின் தர்மம் கலிஃபோர்னியா மலைகள் வழியாகச் சுற்றி, புராட்டஸ்டன்ட் பெல்ஃபாஸ்டின் ஒரு படுக்கையறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே கணக்குப் பார்ப்பவர்கள் தவறு கண்டுபிடிக்கலாம். ராக் அண்டு ரோல் வருவதற்கு முந்திய நாட்கள் என்கிறார் மாரிசன். ஆனால் கெரூவக்கின் அந்த நாவல் வெளிவந்தது 1958ல். ராக் அண்டு ரோல் அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. காலையில் பி.பி.சி. தேர்ட் புரோகிராமில் டெபுஸியைக் கேட்டதாகவும் சொல்கிறார். அந்த நிலையம் 1950களில் மாலையும் இரவும் மட்டுமே ஒலிபரப்பியது. பொய்யா? இல்லை. ஆறு வயதும் பதினாறு வயதும் நினைவில் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கும். எதை முதலில் எடுக்கிறோமோ அது முதலில் நடந்தது. காலண்டரைத் திருத்தி எழுதாமல் நினைவு வந்த வரிசையிலேயே விட்டதால்தான் இது வாக்குமூலமாக இல்லாமல் ஞாபகமாக இருக்கிறது.

இனி, இந்தப் பதிவு ஏன் வெறும் மலரும் நினைவு அல்ல என்ற விஷயம். 1991ல் பெல்ஃபாஸ்ட் என்றால் உலகத்துக்கு என்ன? குண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1969ல் தெருவில் இறங்கி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1998 ஏப்ரலில் புனித வெள்ளி உடன்பாடு கையெழுத்தாகும் வரை நடந்த மோதலில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். ஊர்ப் பெயர் தெரியாதவர்களுக்கும் ஃபால்ஸ் சாலை, ஷாங்கில் சாலை என்ற பெயர்கள் தெரியும். செய்தியில் ஒரு தெருவின் பெயர் வந்தால், பின்னால் எண்ணிக்கை வரும். அந்த நாட்களில் ஒருவர் பெல்ஃபாஸ்டின் தெருக்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர் காது தானாகவே எண்ணிக்கைக்குக் காத்திருக்கும். மாரிசன் பெயர்களைச் சொல்கிறார். பின்னால் ஆப்பிள் வருகிறது, விட்டில்பூச்சி வருகிறது, ஐஸ்கிரீம் வருகிறது. ஒரு ஊரின் பெயர்களைச் செய்தியிலிருந்து மீட்டு எடுக்கும் வேலையை, யாரையும் கண்டிக்காமல், சமாதானம் என்ற சொல்லைக்கூட உச்சரிக்காமல் செய்துவிடுகிறார்.

பின்னாளில் சமாதானத்துக்கென்றே அவருடைய பாடல் ஒன்று தேர்வானது. 1995 நவம்பர் 30 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்துக்கு வந்தபோது கூட்டத்தின் முன் மாரிசன் ‘டேஸ் லைக் திஸ்’ பாடினார். அது அழகான பாடல். அரசாங்க விளம்பரத்துக்கும் பொருந்தியது. ஹிண்ட்ஃபோர்ட் தெருப் பதிவு எந்த விளம்பரத்துக்கும் பொருந்தாது. அதுவே அதன் பாதுகாப்பு.

ஆனால் ஒரு ஆட்சேபம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையல்ல. இந்தப் பட்டியலில் லாகன் ஆற்றுக்கு மேற்கே ஒரு இடம்கூட இல்லை. கத்தோலிக்கப் பகுதிகள் இல்லை. பெல்ஃபாஸ்டுக்குப் போகிற யாரும் பார்க்கிற முதல் காட்சி, ஹார்லண்ட் அண்டு வுல்ஃபின் இரண்டு பிரம்மாண்ட மஞ்சள் கிரேன்கள். டைட்டானிக்கைக் கட்டிய தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 35,000 பேருக்கு வேலை கொடுத்த தளம். அந்த வேலை பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளுக்கே கிடைத்தது. 1920ல் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களும், அவர்களோடு சில சோஷலிஸ்ட் புராட்டஸ்டன்டுகளும் தளத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டார்கள். ஹிண்ட்ஃபோர்ட் தெருவின் மௌனத்துக்குப் பின்னால் அந்தத் தளத்தின் சம்பளம் இருக்கிறது. எல்லாச் சிறுவர்களுக்கும் அந்த மௌனம் கிடைத்ததா?

ஹாலோவிலிருந்து திரும்பி நகரத்தை நோக்கி வந்தபோது இந்தக் கேள்வி கூடவே வந்தது. வழியில் ஷார்ட் ஸ்ட்ராண்டு என்ற சிறிய கத்தோலிக்கப் பகுதி. அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் அதற்கும் நடுவே உயரமான தடுப்புச் சுவர். ‘அமைதிச் சுவர்’ என்று பெயர். அதை எழுப்பிய காரணத்தில் அமைதி எதுவும் இல்லை. உடன்பாடு கையெழுத்தாகி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் சுவர் நிற்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதிவில் பதில் இல்லை. மாரிசனிடம் கேட்டாலும் கிடைக்காது. பேட்டி என்றாலே எரிந்து விழுகிற மனிதர் என்று பெயர் வாங்கியவர். 2013ல் ஊர் அவருக்கு ‘ஃப்ரீமேன்’ கௌரவம் அளித்தது. 2015ல் தன் 70ஆவது பிறந்தநாளன்று சைப்ரஸ் அவென்யூவிலேயே மேடை போட்டுப் பாடினார். 2020ல் கோவிட் பொதுமுடக்கத்தை எதிர்த்துப் பாட்டுகள் போட்டு அதே ஊரில் பலருடைய கோபத்தைச் சம்பாதித்தார். மனிதரை நேசிப்பது சில நேரம் கடினம். பதிவை நேசிப்பது அப்படி இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு சதுர மைலுக்கு மேல் அது எதையும் உரிமை கொண்டாடவில்லை. எங்கள் ஊர் அமைதியான ஊர் என்று சொல்லவில்லை. இந்தத் தெருவில் இந்த நேரத்தில் ஒரு பையனுக்கு இப்படி இருந்தது என்கிறது, அவ்வளவுதான்.

இரவு பதினொன்றரைக்கு மறுபடி ஹிண்ட்ஃபோர்ட் தெருவுக்குப் போனேன். மழை நின்றிருந்தது. வீடுகளின் கூரைக்குப் பின்னால் வடக்கு வானத்தில் அந்த வெளிறிய கோடு. எங்கோ ஒரு டி.வி.யில் சிரிப்பொலி, தூரத்தில் கார்கள். மௌனம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சத்தங்களுக்கு இடையே போதுமான இடம் இருந்தது. பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஹோட்டலுக்குத் திரும்ப டாக்ஸி. ஓட்டுநருக்கு எழுபதைத் தாண்டிய வயது. இந்த நேரத்தில் அந்தத் தெருவில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பாட்டைக் கேட்டதில்லை என்றார். ஃபோனில் போட்டுக் காட்டினேன். பாலம் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. அபெட்டா பரேடு, ஆரஞ்சுஃபீல்டு என்று பெயர்கள் வந்துகொண்டிருந்தன. முடிந்ததும் சொன்னார்:

“நான் மேற்கே, ஃபால்ஸ் பக்கம் வளர்ந்தவன். இந்தத் தெருக்கள் எதற்குள்ளும் சின்ன வயதில் நான் கால் வைத்ததில்லை. வைத்திருக்கவும் முடியாது.”

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

“ஆனால் லக்ஸம்பர்க் எங்கள் வீட்டிலும் கேட்டது” என்றார். “அப்படித்தான், வரும், மறையும். அண்ணன் எழுந்து போய் ரேடியோவைத் தட்டுவான்.”

பிறகு, நான் கேட்காமலேயே, தன் தெருவின் பெயரைச் சொன்னார். அடுத்த தெருவின் பெயரையும். ரொட்டிக் கடை இருந்த முனை, பள்ளிக்கூடம், பந்து விளையாடிய சுவர். ஹோட்டல் வாசலில் மீட்டரை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் அவர் பட்டியல் முடியவில்லை. நானும் கதவைத் திறக்கவில்லை.